வேங்கிக்கால் விலாசம்

அத்தியாயம் 12

பாறை விரிசலில் வேடியப்பன் பூசி வைத்த சுண்ணாம்பு மறுபடியும் பிளந்துவிட்டது.

முந்தாநாள் பூசியது அது. வெற்றிலைக்கு வைத்திருக்கிற டப்பாவிலிருந்து ஒரு விரல் வழித்து, விரிசலுக்குக் குறுக்கே தடவி, "இது வெடிச்சா பாறை நவுருதுன்னு அர்த்தம். வெடிக்கலைன்னா அது பாட்டுக்குக் கிடக்குது" என்று மருமகள் அருணாதேவியிடம் சொல்லியிருந்தார். இன்று காலை அவள் தூக்குவாளியில் டீ கொண்டு போனபோது வெள்ளைக் கோடு இரண்டு துண்டாக நின்றது. நடுவில் சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். நகம் முழுசாக உள்ளே போயிற்று.

"மாமா, இதப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். நெருப்புல சுட்ட கல்லு. ஆறுற வரைக்கும் கொஞ்சம் விரிஞ்சிக்கும். நீ டீய ஊத்து."

"ஆறுறதுக்குப் பத்தொம்போது நாளா?"

 மேலே எங்கோ ஒரு கல் பெயர்ந்து கடகடவென்று உருண்டது. அது நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லும் புதரும் இருந்தவரை உருளுகிற கல்லை அவை பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தன. இப்போது சரிவில் கரியைத் தவிர ஒன்றுமில்லை. பாறையோ ஒரு லாரி பருமன், வீட்டுக்கு நேர் மேலே.

மலையில் காய்ந்து கிடந்த மஞ்சம்புல் பற்றிக்கொண்டு, ஒரே மதியத்தில் கீழே இறங்கி, பாறையடித் தெருவின் முப்பத்தொரு வீட்டையும் தின்றுவிட்டுப் போன கதை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லாரும் உயிர் பிழைத்து நகராட்சி சமுதாயக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்க, வேடியப்பன் மட்டும் "எரிஞ்சாலும் என் வூடுதான்" என்று கரிந்த சுவர்களுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறார் என்பதும் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வளவு போதும். பாக்கி எல்லாம் இன்று ஒரு நாளில் நடந்தது.

குறை சொல்லக் கூடாது, அரசாங்கம் ஓடி வந்துதான் உதவியது. தீ அணைந்த மறுநாளே அரிசி வந்தது, பாத்திரம் வந்தது, டாக்டர் வந்தார். எரிந்துபோன ஆதாருக்கும் அட்டைக்கும் நகல் எடுத்துத் தர ஒரு வாரம் முகாம் போட்டார்கள். இப்போது புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் மனை, மனையில் தொகுப்பு வீடு என்று முடிவாகி, பயனாளிகள் பட்டியலை நேற்று சாயங்காலம் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

கதவு எண் பதினேழில் இராமலிங்கம் பெயர் இருந்தது. இராமலிங்கம் வேடியப்பனின் மூத்த மகன். பெங்களூரில் பெயிண்டர் வேலை, மாசத்துக்கு ஒருதரம் வந்து போவார். இங்கே குடும்பத்தை நடத்துகிறவள் அவர் சம்சாரம் ஆதிலட்சுமி. அதே கதவுக்குள் பத்து வருஷமாகத் தனிக் குடும்பம் நடத்துகிற இளைய மகன் தருமனின் பெயர் பட்டியலில் இல்லை. அவன் மனைவி அருணாவின் பெயரும் இல்லை.

ஏன் இல்லை என்று அருணாவுக்குத் தெரியும். வீட்டில் தருமனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

"மாமா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கீழ வந்துடுங்க. நாளைக்கு மழைன்னு சொல்றாங்க."

"வரேன், வரேன். நீ போய் பட்டியலப் பாரு."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அது அருணாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

* * *

சமுதாயக் கூடத்து மேடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள் வருவாய் ஆய்வாளர் தேவிப்ரியா. ஆர்.ஐ. மேடம் என்றுதான் தெருக்காரர்கள் சொல்வார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். இந்தப் பத்தொன்பது நாளில் பாதி நாள் மத்தியானச் சாப்பாட்டை அந்த மேஜையிலேயே முடித்துக்கொண்டவள். சிரிக்க மாட்டாள், எரிந்தும் விழ மாட்டாள்.

"பதினேழு... தருமன்... இருங்க." லேப்டாப்பில் தட்டினாள். "உங்க ரேஷன் அட்டை வேங்கிக்கால்ல இருக்கே?"

"ஆமாங்க மேடம்."

"ஆதாரும் வேங்கிக்கால். கேஸ் புக்கும் வேங்கிக்கால். அங்க வீடு இருக்கா உங்களுக்கு?"

"எங்க அண்ணன் வீடு மேடம். சுரேஷ்குமார்னு. நாங்க பத்து வருஷமா இருக்கறது பாறையடித் தெருதான்."

"இருக்கலாங்க. ஆனா காகிதத்துப்படி நீங்க வேங்கிக்கால்ல இருக்கீங்க. அந்த வீடு எரியலையே."



மகள் இனியாவை எல்.கே.ஜி. சேர்த்த வருஷம் நடந்த கூத்து அது. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாறையடித் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் டீக்கடையும் மடங்களும்தான் இருந்தன. அருணா மாமனாரின் அட்டையிலிருந்து தங்கள் பெயரைப் பிரித்து, விலாசத்தை அண்ணன் வீட்டுக்கு மாற்றிவிட்டாள். மாசாமாசம் ரேஷன் அரிசிக்காக தருமன் ஆட்டோவை வேங்கிக்காலுக்கு ஓட்டினான். "அரிசி ஒரு ஊரு, அடுப்பு ஒரு ஊரு" என்று கேலி செய்வான். ஆனால் குலுக்கலில் இனியா பெயர் வந்த அன்று ஒரு கிலோ லட்டு வாங்கி வந்து ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் கொடுத்தவனும் அவன்தான்.

இப்போது இனியா ஒண்ணாங்கிளாஸ். வாரத்துக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டு கற்றுக்கொண்டு வந்து வீட்டையே அதிர வைப்பாள்.

"வேற வழியே இல்லையா மேடம்?"

"இருக்கு." தேவிப்ரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அட்டை இல்லாதவங்க, அட்டை பிரிக்காதவங்க நிறைய பேர் இருக்கறதால, ஒரு கதவுக்குள்ள எத்தனை அடுப்புன்னு நேர்ல பாத்து எழுதச் சொல்லியிருக்காங்க. தனி அடுப்புன்னா தனிக் குடும்பம். தனிக் குடும்பத்துக்குத் தனி வீடு. மூணு மணிக்கு நான் உங்க தெருவுக்கு வரேன். அடுப்பக் காட்டுங்க. அதோட நீங்க ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடணும். பத்து வருஷமா பாறையடித் தெருவுலதான் குடியிருக்கோம், வேற எங்கயும் இருந்ததில்லைன்னு."

"எழுதித்தான் ஆகணுமா மேடம்?" என்றாள் அருணா.

"பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று தேவிப்ரியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அருணா சொன்னாள். ஆர்.ஐ. மேடம் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் எதையும் ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேங்க. அது என் வேலை இல்ல. ஆனா அந்தக் காகிதம் ஃபைல்ல இருக்கும். யாராவது கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது."

"கேட்டாங்கன்னா?"

"சீட்டு போயிடும். யோசிச்சுக்கோங்க. அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடிடுவேன். அதுக்கப்புறம் வர்றது கடைசிப் பட்டியல். அதுல பேர் இல்லாதவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று அருணாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டவுனில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. அண்ணன் வீட்டில் விலாசத்துக்கு இடம் இருந்தது, மூன்று பேர் கால் நீட்ட இடம் கிடையாது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அந்தப் பாறைக்குக் கீழேதான் போய் விழ வேண்டும்.

வெளியே வந்து தருமனுக்கு போன் போட்டாள். அவன் கீழ்பென்னாத்தூர் சவாரியில் இருந்தான்.

"போட்டுடு கையெழுத்த," என்றான் எடுத்தவுடனே. "ஸ்கூல் போனா போவுது. நான் கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கலையா?"

"படிச்சீங்க, எட்டாவதோட நின்னீங்க."

"அய்ய, அதுக்கு ஸ்கூல் இன்னா பண்ணும்? எனக்குப் படிப்பு ஏறல." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அருணா, ராத்திரியெல்லாம் எனக்கு அந்தப் பாறைதான் கண்ணுல நிக்குது. அந்த சுண்ணாம்பு என்ன ஆச்சு?"

"வெடிச்சிடுச்சு."

அவன் ஆட்டோவை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் வர நாலரை ஆயிடும். நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்கு சரிதான்."

"எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு சரிதானாம், சரி!" என்று கடுகடுத்துவிட்டு வைத்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இந்த விலாச யோசனை அவளுடையது, அந்த வயிற்றெரிச்சலை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

* * *

மத்தியானம் ஆதிலட்சுமி தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு அவளைத் தேடி வந்தாள்.

இதுவே அதிசயம். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே கதவுக்குள் இருந்தாலும், முன்னறை அடுப்பு ஆதிலட்சுமியுடையது, பின்னறை அடுப்பு அருணாவுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால் மாமியார் இறந்த பிறகு மாமனாருக்குச் சோறு போடுவது யார் என்று ஒரு பேச்சு வந்தபோது, ஆதிலட்சுமி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வேடியப்பன் பின்னறையில்தான் சாப்பிடுகிறார்.

"சாப்புடு அருணா, எப்ப சாப்ட்டியோ. மூஞ்செல்லாம் வாடிப்போயிருக்குது."

"வேணாங்க்கா, பசிக்கல."

"த பாரு, சோத்து மேல எதுக்குக் கோவம்? நான் சொல்றதக் கேளு. மேடம் என்னா எழுதி வாங்குவாங்கன்னு நேத்தே விசாரிச்சுட்டேன். கையெழுத்து கிய்யெழுத்துன்னு எதையும் போட்டுடாத. பாப்பா படிப்பு முக்கியம். நான் வேற வழி பண்ணியிருக்கேன்."

அருணா நிமிர்ந்தாள். "பாப்பா படிப்புக்கும் கையெழுத்துக்கும் என்னாக்கா சம்பந்தம்?"

"ஏன் மறைக்கற? அரிசி வாங்க வேங்கிக்காலுக்குப் போறீங்களே, எனக்கு கண்ணு இல்லையா? ஸ்கூல் பாரத்துல என்ன விலாசம் எழுதினீங்கன்னு கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?" ஆதிலட்சுமி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "மூணு வருஷமா தெரியும். யாருகிட்டயாவது சொன்னனா? நம்ம வீட்டுப் பொண்ணாச்சே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.  மூன்று வருஷமாகத் தெரிந்தும் வாய் திறக்காதவள், இன்றைக்கு ஏன் திறக்கிறாள்?

"என்னா வழிக்கா பண்ணியிருக்கீங்க?"

"மேடம் வருவாங்கல்ல, அப்ப பாரு."

* * *

மூன்று மணிக்கு வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தெருவில் குருவிச் சத்தம்கூட இல்லை. முகாமுக்குத் திரும்புகிறவர்களுக்காக ஒரு வேன் தெருமுனையில் நின்றிருந்தது. டிரைவர் இறங்காமல் இன்ஜினை ஓடவிட்டபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவிப்ரியா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரிக்குள் கால் வைத்து வந்தாள். பாறை விழும் திசையைக் காட்ட அதில் யாரோ சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதை ஒருமுறை பார்த்தாள், மறுமுறை பார்க்கவில்லை.

"சீக்கிரம் முடிச்சிடலாங்க. ஆறு மணிக்கு மேல இந்தத் தெருவுல ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு."

முன்னறை அடுப்பு மேடையைப் பார்த்து எழுதினாள். "இது இராமலிங்கம். சரி." பின்னறைக்கு வந்தாள். கூரை இல்லாத பின்னறையில், வெடித்த கடப்பைக் கல் மேல் உருகிச் சுருண்ட கேஸ் அடுப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வேடியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோட அடுப்பு?"

"எங்க..." என்று அருணா தொடங்குவதற்குள் வேடியப்பன் முந்திக்கொண்டார்.

"என்னுதுங்கம்மா. நான் தனியாதான் பொங்கித் தின்னுக்குனு இருந்தேன். பசங்ககூட எனக்கு ஒத்து வராது."

அருணாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து வருஷம். காய்ச்சல் வந்த நாளில் கஞ்சி, பல் விழுந்த பிறகு குழைய வடித்த சோறு, உப்பு கம்மி, காரம் கம்மி என்று தனியாக எடுத்து வைத்த குழம்பு. அவ்வளவையும் அவர் ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆதிலட்சுமி ஒரு மனுவை நீட்டினாள். "மாமா பேர்ல மனு மேடம். கைநாட்டு வெச்சிருக்காரு."

தேவிப்ரியா அதை வாங்கிப் பதிவேட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தபோது வேடியப்பன் அருணாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள்.

"ஏம்மா அழுவற? நீ கையெழுத்துப் போட்டா கொழந்த ஸ்கூலு பூடும்னு ஆதி சொன்னா. அதான் என் பேர்ல எழுதச் சொன்னேன். வூடு வந்ததும் தருமன் பேருக்கு வெச்சிடறேன். உனுக்கு வூடும் வந்துச்சு, பாப்பா படிப்பும் தப்பிச்சுது. பேசாத இரு."

 பொய் சொல்லியே பழகாத மனுஷன், பேத்திக்காகச் சொல்கிறார். அவரை ஒரு நிமிஷம் தப்பாக நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆதிலட்சுமியையும்தான். ச்சே, எத்தனை கெட்ட மனசு எனக்கு என்று நினைத்துக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் கிடைத்துவிடும். அண்ணாமலையாரே, இப்படியும் ஒரு வழி வைத்தாயா!

"ஐயா, கைநாட்டு வெச்சவங்களுக்கு மனுவப் படிச்சுக் காட்டணும். அது விதி," என்றாள் தேவிப்ரியா. "கேட்டுக்குங்க." வேகமாக வாசித்தாள். கதவு எண், வயது, தனி அடுப்பு, நிலம் இல்லை. "எனக்கு ஒதுக்கப்படும் மனையும் வீடும் எனக்குப் பின் என் மூத்த மகன் இராமலிங்கத்தைச் சேர வேண்டும் எனச் சம்மதித்து..."

"யாரு?" என்றார் வேடியப்பன்.

"மூத்த மகன் இராமலிங்கம்."

"மூத்தவனா? இளையவன்னுதானே சொன்னேன்? தருமன்னு எழுதச் சொன்னேனே ஆதி?"

ஆதிலட்சுமி முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். "எழுதினவன் மாத்தி எழுதிட்டான் போல இருக்குது மாமா. இப்ப அத பாத்தா நேரமாயிடும். முதல்ல பதிவாவட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

"அப்புறம் மாத்த முடியாதுங்க," என்றாள் தேவிப்ரியா. மனுவையும் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, இந்த அடுப்பு உங்களுதுதானா?"

வேடியப்பன் மருமகள்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சொன்ன சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல், அந்தப் பொய்க்குள் இன்னும் ஒரு அடி போனார். தண்ணீர் குடிக்க வைத்திருந்த கரிபிடித்த எவர்சில்வர் சொம்பை எடுத்துக் காட்டினார்.

"என்னுதுதான். தோ, பாத்திரம்கூட என்னுதுதான் பாருங்க."

தேவிப்ரியா சொம்பை வாங்கினாள். கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் துடைத்தாள். கரி போகவில்லை. தரையிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பல் எடுத்துத் தேய்த்தாள். கல்யாணச் சீர்ப் பாத்திரம் எதிலும் பெயர் வெட்டாமல் விடுகிற அம்மா நம் ஊரில் இருக்கிறாளா? புள்ளி புள்ளியாக எழுத்து மேலே வந்தது.

"அ. அருணாதேவி," என்று வாசித்தாள் ஆர்.ஐ.

வேடியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. பத்து வருஷமாக அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்தவர், அதில் எழுத்து இருக்கிறது என்றே இன்றுதான் கேட்கிறார். அவர் கை காற்றில் அப்படியே நின்றது. அந்தக் கிழட்டு முகம் போன போக்கைப் பார்க்க அருணாவுக்குச் சகிக்கவில்லை.

மேலே நாலைந்து கல் சேர்ந்தாற்போல் உருண்டது. ஒன்று பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி நின்றது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பொய் மனுன்னு நான் எழுதினா இந்தக் கதவுல இரண்டாவது வீடே கிடையாது," என்றாள் தேவிப்ரியா. "கடைசியா கேக்கறேன். இது யாரோட அடுப்பு?"

ஆதிலட்சுமி அருணாவைப் பார்த்தாள். பேசாமல் இரு, பாப்பா படிப்பு என்றது அந்தப் பார்வை. வேடியப்பன் தரையைப் பார்த்தார்.

அருணாவுக்குள் கணக்கு எதுவும் ஓடவில்லை. இனியா யூனிபார்மில் டை கட்டத் தெரியாமல் கண்ணாடி முன் நின்று திண்டாடுவது ஞாபகம் வந்தது. அதே பிள்ளை இந்தச் சுவருக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பதும் கண் முன்னால் வந்தது. அவ்வளவுதான்.

"என்னுது மேடம்," என்றாள். "மாமாவுக்குப் பத்து வருஷமா நான்தான் சோறு போடறேன். வேங்கிக்கால்ல நாங்க ஒரு நாள்கூட குடியிருந்ததில்ல. ஸ்கூல் சீட்டுக்காக நான் எழுதின பொய்யி அது. மாமா எங்க மேல இருக்கற பாசத்துல சொல்லிட்டாரு, அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

தேவிப்ரியா இடத்தைக் காட்டினாள். அருணா குனிந்து, பதிவேட்டைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினாள். 

"பெரியவர் மனுவ அவரே வாபஸ் வாங்கினதா எழுதிக்கறேன்," என்றாள் தேவிப்ரியா மெதுவாக. "இது தாசில்தார் பார்வைக்குப் போகும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சி வேணும். உங்க பேரு வந்துடும்னுதான் நினைக்கறேன்."

வேடியப்பன் அருணாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உனுக்காகத்தானே சொன்னேன்?"

"தெரியும் மாமா."

"அந்த அம்மா எதிர என்னப் பொய்யனாக்கிட்டியே."

 அருணா அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் போனாள். அவர் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "நீங்க போங்க. நான் வரல."

க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கையெழுத்துப் போட்ட பக்கத்தை மேடம் இன்னும் மூடவில்லை. ஆதிலட்சுமி செல்போனை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா படம் புடிக்கறீங்க?" என்றாள் அருணா.

"சும்மாதான். கதவு நம்பரு ஒண்ணாச்சே, ஒரு நகல் இருக்கட்டும்னு." ஆதிலட்சுமி போனை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். பழைய சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. "இனியா மிஸ்ஸு நம்பர் எங்கிட்ட இருக்குதே. போன வருஷம் ஆண்டு விழாவுக்கு நீதானே குடுத்த?"

சொல்லிவிட்டு வேனைப் பார்த்து இறங்கிப் போனாள்.

"என்னங்க சொல்றாங்க அவங்க?" என்று தேவிப்ரியா கேட்டாள். அருணாவின் காதில் விழவில்லை. தெருவின் நடுவில் வந்து நின்றாள். நாளைக்கு இனியாவுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் டை கட்டிக்கொண்டு போய் நிற்கிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, யாரோ ஒரு ஆள் ஆயிரம் பேர் முன்னால் விலாசம் கேட்டால்? வேண்டாம். யாரோ சொல்லி அவர்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது, என் வாயால் சொல்லிவிட்டால் ஒருவேளை பரீட்சை வரைக்குமாவது விடுவார்கள்.

முதல் மழைத்துளி பொத்தென்று கரியில் விழுந்தது. கனத்த துளி. அருணா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளி ஆபீஸ் நம்பரை அழுத்தினாள். மணி நாலு பத்து. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"மேடம், ஒண்ணாங்கிளாஸ் இனியாவோட அம்மா பேசறேங்க."

"ஆங், சொல்லுங்கம்மா," என்றது மறுமுனை. "உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு நம்பர எடுத்தோம். இப்பதான் கிளாஸ் மிஸ்ஸுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. பிரின்சிபால் கையில இருக்கு. கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானா? அதுல எழுதியிருக்கறது உண்மைதானா?"

வேன் இருக்கிற பக்கம் அவள் திரும்பவில்லை.

"உண்மைதாங்க மேடம்," என்றாள் அருணா.